பழைய கணினி சுவிட்ச் ஆகுமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய கணினிகளை வீசாமல் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்டுப் பாவிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விசயத்தைத்தான் கேட்கின்றன: அந்தக் கணினியையே நெட்வேர்க் சுவிட்சாக, அதாவது பல கணினிகளைக் கேபிளால் ஒன்றாக இணைக்கிற பெட்டியாகப் பாவிக்க முடியுமா? ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: நெல்லியடியில் ரியூட்டரி நடத்துகிறேன். 12 கணினிகள் இருக்கின்றன. ஐப்பசி மாத இடி மின்னலில் 16 போர்ட் (கேபிள் குத்தும் ஓட்டை) உள்ள சுவிட்ச் எரிந்துவிட்டது. பழைய ஐ3 டெஸ்க்டொப் ஒன்று சும்மா கிடக்கிறது. நான்கு போர்ட் உள்ள பாவித்த நெட்வேர்க் கார்ட் ஒன்றும் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். புதுச் சுவிட்ச் வாங்காமல் இதை லினக்ஸ் சுவிட்சாக்கலாமா, ஐயா? கடையில் வாங்குவது போலவே வேலை செய்யுமா?
– ரியூட்டரி உரிமையாளர், நெல்லியடி

பதில்: ஆக்கலாம், ஒழுங்காக வேலையும் செய்யும். ஆனால் எரிந்த சுவிட்சின் இடத்தில் அதை வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சொல்லிவிட்டு, அந்தக் கணினியை வேறு எங்கே வைத்தால் பிரயோசனம் என்றும் சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

சுவிட்ச் செய்கிற வேலை விளங்கிக்கொள்ளக் கஷ்டமானது இல்லை. ஒரு போர்ட்டில் ஃபிரேம் (கம்பியில் வரும் தரவுப் பொதி) ஒன்று வந்தால், அனுப்பியவரின் மெக் முகவரியை (ஒவ்வொரு நெட்வேர்க் கார்டுக்கும் உரிய அடையாள எண்) பார்த்து, இந்த முகவரி இந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்ளும். போகவேண்டிய முகவரி அட்டவணையில் ஏற்கெனவே இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும், இல்லாவிட்டால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பும். லினக்ஸ் கேர்னலுக்குள் (இயங்குதளத்தின் உட்கரு) இருக்கிற பிரிட்ஜ் என்ற மென்பொருள் சுவிட்ச் இதையேதான் செய்கிறது; 300 விநாடி ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கிற முகவரியை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுவது உட்பட. கடைச் சுவிட்சில் இதற்கென்றே செய்த சிப் இருக்கிறது, எல்லாப் போர்ட்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினாலும் அது அசையாது. கணினியிலோ ஒவ்வொரு பொதியும் கார்டிலிருந்து நினைவகத்துக்கு வந்து, சிபியு பார்த்து முடிவெடுத்து, பிறகு இன்னொரு போர்ட்டுக்குப் போகவேண்டும். கிகாபிட் இணைப்பு நிறையப் பெரிய பொதிகள் ஓடினால் விநாடிக்கு ஏறத்தாழ 81,000 பொதிகள், அதைப் பழைய ஐ3 கூடச் சமாளிக்கும். 64 பைட் அளவான சின்னப் பொதிகள் என்றால் அதே கம்பியில் விநாடிக்கு 14 இலட்சத்து 88 ஆயிரம் வரை வரலாம், அப்போது திணறும். ரியூட்டரியில் அப்படி ஒரு நிலை வராது, ஆகவே வேகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

உங்களுக்கு இடிக்கப் போவது போர்ட்டும் கரண்டும். 12 கணினி, ஒரு றவுட்டர், ஆக 13 போர்ட் வேண்டும். நான்கு போர்ட் கார்டை கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீட்டு ஸ்லொட்டில் போட்டால், போர்டில் இருப்பதோடு சேர்த்து ஐந்து போர்ட்தான் கிடைக்கும். மிச்சத்துக்கு இன்னும் கார்டுகள் தேடத் தொடங்கினால் புதுச் சுவிட்சின் விலையைத் தாண்டிவிடுவீர்கள். பழைய டெஸ்க்டொப் ஒன்று சும்மா நின்றாலே 40 வோட்ஸ் அளவில் இழுக்கும் என்று வையுங்கள், நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட், மாதம் 29 யூனிட். அந்த இடத்தில் சாதாரண 16 போர்ட் சுவிட்ச் 10 வோட்ஸ் எடுத்தாலும் மாதம் ஏழு யூனிட்தான். வீட்டு இணைப்பில் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆகவே போர்ட்டுக்காக ஒரு சாதாரண 16 போர்ட் சுவிட்சை வாங்குங்கள். பழைய ஐ3யை றவுட்டருக்கும் அந்தச் சுவிட்சுக்கும் நடுவில் வையுங்கள். அதற்கு இரண்டே போர்ட் போதும், நான்கு போர்ட் கார்டும் தேவையில்லை. இரண்டு போர்ட்டையும் ஒரு பிரிட்ஜில் சேர்த்துவிட்டால் அந்தக் கணினி இருப்பதே மற்றக் கணினிகளுக்குத் தெரியாது, ஐபி முகவரி ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் போகிற வருகிற ஒவ்வொரு பொதியும் உங்கள் கையைத் தாண்டித்தான் போகும். இதைத்தான் கடையில் வாங்கும் மலிவுச் சுவிட்ச் ஒருபோதும் தராது. எந்தக் கணினி இணையத்தை விழுங்குகிறது என்று டிசிபிடம்ப் (போகிற பொதிகளைத் திரையில் காட்டும் கருவி) போட்டு நேரே பார்க்கலாம். அதைவிடப் பெரிய பிரயோசனம் 'கேக்' என்ற வரிசை ஒழுங்கு முறை, 2018இல் வந்த 4.19 கேர்னலிலிருந்து லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. ஒரு பிள்ளையின் கணினியில் விண்டோஸ் அப்டேட் இறங்கத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகளின் சூம் வகுப்பு வெட்டி வெட்டி வருமே, அந்தக் கரைச்சலுக்கு இது மருந்து. றவுட்டர் பக்கப் போர்ட்டில் உங்கள் அப்லோட் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும், சுவிட்ச் பக்கப் போர்ட்டில் டவுன்லோட் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் கேக்கைப் போட்டுவிட்டால், பொதிகள் றவுட்டருக்குள் போய்க் குவியாமல் உங்கள் கணினியில் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு கணினிக்கும் நியாயமான பங்கு கிடைக்கும். பிரிட்ஜில் இதைச் செய்வதில் ஒரு வசதி இருக்கிறது: இரண்டு திசையும் ஏதோ ஒரு போர்ட்டால் வெளியே போகிற திசைதான், ஆகவே உள்வரும் பொதிகளைக் கட்டுப்படுத்தத் தனியாக மினக்கெட வேண்டியதில்லை. றவுட்டரின் சொந்த வைஃபையில் யாராவது இருந்தால் அவர்கள் இந்தக் கணினியைச் சுற்றிப் போய்விடுவார்கள், அதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இந்தக் கணினி பழுதானால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இரண்டு கேபிளையும் கழற்றி, றவுட்டரையும் சுவிட்சையும் நேரே இணைத்துவிடுங்கள், வகுப்பு நடக்கும்.

மின்னலுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கேபிள் ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு வெளியால் போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் அந்தத் துண்டை மட்டும் ஃபைபருக்கு மாற்றி இரண்டு முனையிலும் மீடியா கன்வேர்ட்டர் (ஃபைபரையும் செப்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) போடுங்கள். செப்புக் கம்பி அப்படியே கிடந்தால் அடுத்த ஐப்பசியில் புதுச் சுவிட்சும் போகும், இந்த ஐ3யும் போகும்.

கேள்வி: உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) போட்ட கணினி ஒன்றில் மூன்று நெட்வேர்க் போர்ட் இருக்கின்றன. பிரிட்ஜ் செய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்லுங்கள். பழைய காணொளிகளில் பிஆர்சிடிஎல் (brctl) என்ற கட்டளையைப் பாவிக்கிறார்கள், அது என் கணினியில் இல்லை.
– பல்கலைக்கழக மாணவர், கோண்டாவில்

பதில்: பிஆர்சிடிஎல் பழைய கருவி, அதைத் தேடி நிறுவ வேண்டாம். இப்போது 'ஐபி' (ip), 'பிரிட்ஜ்' (bridge) என்ற இரண்டு கட்டளைகள் போதும், இரண்டும் உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலில், விசைப்பலகையும் திரையும் இணைத்து அந்தக் கணினிக்கு முன்னால் இருந்தே செய்யுங்கள். தூரத்திலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைந்து, நீங்கள் நுழைந்த அதே போர்ட்டைப் பிரிட்ஜில் சேர்த்தால் அந்தக் கணமே தொடர்பு அறுந்துவிடும்.

அடுத்தது எந்தப் போர்ட் எது என்று கண்டுபிடிப்பது. கணினியின் பின்பக்கம் மூன்று ஓட்டை ஒரே மாதிரி இருக்கும், திரையில் மூன்று விளங்காத பெயர் இருக்கும். எத்டூல் (ethtool) கட்டளையில் சின்ன 'பி' (-p) தெரிவைப் போட்டு ஒரு போர்ட்டின் பெயரைக் கொடுங்கள், அந்தப் போர்ட்டின் சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னும் (பெரும்பாலான கார்டுகளில் இது வேலை செய்யும்). பின்னால் போய்ப் பார்த்து ஒரு துண்டு பிளாஸ்டரில் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பிறகு இரவிரவாகக் கேபிள் மாற்றி மாற்றிக் குத்திப் பார்ப்பார்கள்.

இனி ஐபி லிங்க் கட்டளையால் பிரிட்ஜ் வகையில் ஒரு புதிய இடைமுகத்தை உருவாக்குங்கள், வழக்கமாகப் பிஆர்0 (br0) என்று பெயர் வைப்பார்கள். மூன்று போர்ட்டுக்கும் அதை 'மாஸ்டர்' ஆக்குங்கள். பிறகு மூன்று போர்ட்டையும் பிரிட்ஜையும் 'அப்' நிலைக்குக் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான், சுவிட்ச் ஓடத் தொடங்கிவிட்டது. இதில் பலரும் தடுக்கி விழுகிற இடம் ஐபி முகவரி. போர்ட்டுகளில் இருக்கிற ஐபி முகவரிகளை எடுத்துவிட்டு, அந்தக் கணினிக்கென்று ஒரு முகவரி வேண்டுமானால் பிஆர்0வுக்குக் கொடுங்கள். போர்ட்டில் முகவரியை விட்டுவைத்தால் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது, ஏன் என்று விளங்காமல் தலை வலிக்கும்.

இன்னொன்று, பிஆர்0வின் மெக் முகவரியை நீங்களே குறித்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சேர்ந்திருக்கும் போர்ட்டுகளின் மெக் முகவரிகளில் ஆகக் குறைந்ததை அது எடுத்துக்கொள்ளலாம், நாளைக்கு இன்னொரு கார்ட் சேர்த்தால் முகவரி மாறலாம், றவுட்டர் வேறு ஐபியைக் கொடுக்கும்.

கட்டளைகளால் செய்தது கணினியை நிறுத்தினால் போய்விடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் உபுண்டு சேர்வரில் நெட்பிளான் கோப்பில் எழுதுங்கள், டெஸ்க்டொப் பதிப்பு என்றால் நெட்வேர்க் மனேஜரிலேயே பிரிட்ஜ் சேர்க்கலாம்.

எல்லாம் முடிந்ததும் பிரிட்ஜ் கட்டளையில் 'எஃப்டிபி ஷோ' (fdb show) என்று கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு மெக் முகவரி, அது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்ற விபரம். ஒரு மடிக்கணினியை ஒரு போர்ட்டிலிருந்து கழற்றி இன்னொன்றில் குத்திவிட்டு மறுபடி பாருங்கள், அதே முகவரி புதுப் போர்ட்டுக்கு மாறியிருக்கும். பாடப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டுகிற அந்த அட்டவணை உங்கள் கண்முன் மாறுவதைப் பார்க்கிற சந்தோசத்துக்காகவே இதை ஒருமுறை செய்யலாம்.

கேள்வி: யூஎஸ்பி வைஃபை ஒன்றை பிரிட்ஜில் சேர்க்கப் பார்த்தால் 'இந்தச் செயல் ஆதரிக்கப்படவில்லை' என்று வருகிறது. பக்கத்து வீட்டு மாமாவின் வைஃபையை எடுத்து, பிரிட்ஜ் வழியாக எங்கள் டெஸ்க்டொப்புகளுக்குக் கொடுக்க நினைத்தேன். அவருடைய அனுமதியோடுதான்!
– வாசகர், சுன்னாகம்

பதில்: உங்கள் டொங்கிளில் பழுது இல்லை. வைஃபையில் வாடிக்கையாளராக இணைகிற கருவி தன்னுடைய மெக் முகவரியில் மட்டும்தான் பொதி அனுப்பலாம், பின்னால் நிற்கிற வேறு கணினியின் முகவரியை எழுத அந்த ஃபிரேமில் இடமே இல்லை. அதனால் கேர்னல் ஆரம்பத்திலேயே மறுத்துவிடுகிறது. நான்கு முகவரி முறை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் மாமாவின் றவுட்டரும் அதற்கு இணங்க வேண்டும், வீட்டு றவுட்டர்கள் பெரும்பாலும் இணங்காது. ஆகவே பிரிட்ஜை விட்டுவிட்டு, அந்தக் கணினியை றவுட்டராக்குங்கள்: வைஃபை பக்கம் ஒரு வலை, உங்கள் டெஸ்க்டொப்புகள் பக்கம் இன்னொரு வலை, நடுவில் நட் (பல கணினிகளுக்கு ஒரே முகவரியைப் பங்கிடும் முறை). நெட்வேர்க் மனேஜரில் கம்பி இணைப்பின் ஐபிவி4 பகுதியில் 'மற்றக் கணினிகளோடு பகிர்' என்பதைத் தெரிவு செய்தாலே இது நடந்துவிடும்.

நேர்மாறாக, உங்கள் கணினியே வைஃபை கொடுக்கிற பக்கமாக இருந்தால், அதாவது ஹோஸ்ட்ஏபிடி ஓடினால், அதைப் பிரிட்ஜில் சேர்ப்பதில் ஒரு தடையும் இல்லை.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணினி அறையில் லினக்ஸ் பிரிட்ஜ் ஒன்றும் அதன் கீழ் இரண்டு சாதாரணச் சுவிட்சுகளும் இருக்கின்றன. ஒரு பிள்ளை சும்மா கிடந்த கேபிளின் இரு முனையையும் சுவரில் குத்திவிட, முழு அறையும் நின்றுபோனது. எல்லா விளக்கும் வெறி பிடித்தது போல மின்னின. இது ஏன்? எப்படித் தடுப்பது?
– ஆசிரியை, மானிப்பாய்

பதில்: ரீச்சர், உங்கள் வலையில் வளையம் விழுந்துவிட்டது. எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் பொதி ஒன்று வளையத்துக்குள் நுழைந்தால் சுவிட்சுகள் அதை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐபி பொதிக்கு ஆயுள் எண் இருக்கிறது, ஒவ்வொரு றவுட்டரிலும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துவிடும். ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. கேபிளைக் கழற்றும் வரை சுற்றும், அதுவும் பெருகிப் பெருகிச் சுற்றும்.

இதற்கு மருந்தாக 1985இல் டிஜிட்டல் எக்குயிப்மென்ட் நிறுவனத்தில் வேலை செய்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி கண்டுபிடித்ததுதான் ஸ்பனிங் ட்ரீ, சுருக்கமாக எஸ்டிபி. உங்கள் மாணவிகளுக்கு அவருடைய பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். சுவிட்சுகள் தங்களுக்குள் சின்னச் செய்திகளைப் பரிமாறி, வளையம் இருந்தால் ஒரு போர்ட்டை அடைத்துவிடும். மற்ற வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். லினக்ஸ் பிரிட்ஜுக்குள் இது இருக்கிறது, ஆனால் சாதாரணமாக நிறுத்தியே வைத்திருப்பார்கள், நீங்கள்தான் போடவேண்டும். போட்டால் ஒரு கேபிளைக் குத்தி அது வேலை செய்ய 30 விநாடி எடுக்கும் (15 விநாடி கேட்கும், 15 விநாடி கற்கும்), கணினி ஐபி கிடைக்கவில்லை என்று முறையிட்டால் பதறாமல் கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது உங்கள் அறைக்கு வருவோம். கேபிளின் ஒரு முனை முதல் சுவிட்சிலும் மற்றது இரண்டாவது சுவிட்சிலும் போயிருந்தால், வளையம் லினக்ஸ் கணினி வழியாகப் போகிறது, எஸ்டிபி அதை அறுத்துவிடும். இரண்டு முனையும் ஒரே சாதாரணச் சுவிட்சில் போயிருந்தால் லினக்ஸால் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் வளையம் முழுவதும் அந்தச் சுவிட்சுக்குள்ளேயே இருக்கிறது. நடந்தது வளையம்தானா என்று அறியக் கேர்னலின் பதிவைப் பாருங்கள், சொந்த முகவரியிலிருந்தே பொதி வந்தது என்ற எச்சரிக்கை வரிசையாக இருந்தால், அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறது என்று அர்த்தம். அடுத்த முறை சுவிட்ச் வாங்கும்போது வளையத் தடுப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. அதுவரை பாவிக்காத சுவர்ச் சொக்கெட்டுகளின் கேபிளை சுவிட்ச் பக்கத்தில் கழற்றி விடுங்கள்.

கேள்வி: நன்றாக ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் பிரிட்ஜ், அதே கணினியில் டொக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) நிறுவிய பிறகு வேலை செய்யவில்லை. அந்தக் கணினியிலிருந்து இணையம் வருகிறது, பின்னால் இருக்கிற கணினிகளுக்கு மட்டும் வரவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பின்னால் இருக்கிற கணினி ஒன்றில் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபிக்கு எந்த மெக் முகவரி என்ற பட்டியல்) பாருங்கள். றவுட்டரின் மெக் முகவரி அதில் சரியாக இருக்கும், ஆனால் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொதி) போகாது. அப்படியென்றால் கம்பியும் சரி, பிரிட்ஜும் சரி, ஐபி பொதிகளை மட்டும் யாரோ மறிக்கிறார்கள்.

மறிப்பது ஃபயர்வோல். டொக்கர் வரும்போது பிஆர் நெட்ஃபில்ட்டர் என்ற கேர்னல் மொடியூல் ஏற்றப்படுவதுண்டு. அது ஏறிவிட்டால் பிரிட்ஜுக்குள்ளால் போகிற பொதிகளும் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வோலின் விதிகளுக்குள் இழுபடும். அதோடு கடத்துகிற பொதிகளை விதி இல்லாவிட்டால் விழுத்திவிடு என்றும் டொக்கர் மாற்றிவைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உங்கள் சுவிட்ச் ஊமையாகிவிடும். பிரிட்ஜ் பொதிகளை ஐபிடேபிள்ஸுக்குக் கொடுக்கிற அமைப்பை சிஸ்சிடிஎல் கட்டளையால் 0 ஆக்கினால் உடனே சரிவரும். ஆனால் அதைக் கோப்பில் எழுதிவைத்தாலும் கணினி ஏறும்போது சில நேரம் பிடிக்காது, ஏனென்றால் அந்த நேரத்தில் மொடியூல் இன்னும் ஏறியிருக்காது, டொக்கர் பிறகுதான் ஏற்றும். அதைவிடப் பொருத்தமான வழி, டொக்கர்-யூசர் என்ற சங்கிலியில் உங்கள் பிரிட்ஜுக்குள் போய்வருகிற பொதிகளை அனுமதிக்கிற ஒரு விதியைச் சேர்ப்பது. உண்மையில் நான் விரும்புவது இரண்டையும் இரண்டு கணினியில் வைப்பதைத்தான். எல்லோருடைய இணையமும் போகிற பாதையில் வேறு வேலைகளை ஏற்றாதீர்கள்.

கேள்வி: ப்ரொக்ஸ்மொக்ஸ் (ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிற கணினியில் ஓப்பன் விசுவிட்ச் என்ற மென்பொருள் சுவிட்சைப் பாவிப்பதா, சாதாரண பிரிட்ஜ் பாவிப்பதா?
– வாசகர், வவுனியா

பதில்: பிரிட்ஜ். ஓப்பன் விசுவிட்ச் தரமான மென்பொருள், 2012இல் வந்த 3.3 கேர்னலில் அதன் மொடியூலும் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கணக்கான மெய்நிகர் கணினிகளை ஒரு கட்டுப்பாட்டகத்திலிருந்து ஆட்டிவைக்கிற தரவு மையங்களுக்காகவே செய்யப்பட்டது. நீங்கள் எழுதியிருப்பது ப்ரொக்ஸ்மொக்ஸ் ஓடுகிற ஒரு கணினி, அதில் நான்கு மெய்நிகர் கணினிகள், இரண்டு வீலான் (ஒரே கம்பியில் பிரித்து ஓடும் தனித்தனி வலைகள்). ப்ரொக்ஸ்மொக்ஸ் நிறுவும்போதே ஒரு லினக்ஸ் பிரிட்ஜைச் செய்துதான் தருகிறது, அதில் 'வீலான் அறிந்தது' என்ற பெட்டியில் சரி போட்டால் உங்கள் தேவை முடிந்தது.

கேள்வி: நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறேன். சுவிட்ச், ஹப், மெக் முகவரி எல்லாம் பாடமாக்கி வைத்திருக்கிறேன், ஆனால் ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. வீட்டில் ஒரு மடிக்கணினி மட்டும்தான், கேபிள் கூட இல்லை. எனக்கு ஏதாவது வழி இருக்கிறதா?
– மாணவி, சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, இந்த முறை வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் நான் ஆகக் கூடுதலாக விரும்பினேன். ஒரு சதம் செலவில்லாமல் செய்யலாம்.

லினக்ஸில் நெட்வேர்க் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரே கணினிக்குள் தனித்தனி வலையமைப்பு உலகங்களை உருவாக்கலாம், ஒவ்வொன்றுக்கும் சொந்த ஐபி முகவரி, சொந்த ஏஆர்பி அட்டவணை. அவற்றை இணைக்கக் கேபிளுக்குப் பதிலாக 'வீஈத்' என்ற சோடி இருக்கிறது, ஒரு முனையில் போட்டது மறுமுனையால் வரும். விண்டோஸ் பாவிக்கிறீர்கள் என்றால் வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் டெபியன் போட்டுக்கொண்டு அதற்குள் இதைச் செய்யுங்கள், எதைக் குழப்பினாலும் பயம் இல்லை.

மூன்று நேம்ஸ்பேஸ் உருவாக்குங்கள், யாழ், கிளி, வவுனியா என்று பெயர் வையுங்கள். மூன்று வீஈத் சோடி, ஒவ்வொன்றின் ஒரு முனை ஓர் ஊருக்குள், மறுமுனை ஒரு பிரிட்ஜில். மூன்றுக்கும் 10.0.0.1, 10.0.0.2, 10.0.0.3 என்று முகவரி கொடுத்து, எல்லா முனையையும் பிரிட்ஜையும் அப் செய்யுங்கள். இப்போது மூன்று டேர்மினல் திறந்து, வவுனியாவில் டிசிபிடம்ப்பை ஓட விட்டுவிட்டு, யாழிலிருந்து கிளிக்கு பிங் போடுங்கள். வவுனியாவின் திரையில் '10.0.0.2 யாரிடம் இருக்கிறது, 10.0.0.1க்குச் சொல்லுங்கள்' என்ற ஏஆர்பி கேள்வி வந்து விழும், ஏனென்றால் அது எல்லோருக்கும் போகிற கேள்வி. ஆனால் கிளியின் பதில் வவுனியாவுக்கு வராது. பிங் பொதி ஒன்று கூட வராது. எல்லாப் பொதியையும் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்புகிற ஹப்பிலிருந்து சுவிட்ச் எங்கே வேறுபடுகிறது என்று பரீட்சையில் கேட்டால் நீங்கள் பாடமாக்கியதை எழுத வேண்டாம், அன்றைக்குத் திரையில் பார்த்ததை எழுதுங்கள்.

சரி, ஹப் எப்படி இருக்கும் என்றும் பார்க்க வேண்டுமே. பிரிட்ஜின் முகவரி மறக்கும் நேரத்தை, அதாவது அந்த 300 விநாடியை, 0 ஆக்கிவிடுங்கள். முகவரியைக் கற்றவுடனேயே மறந்துவிடுவதால் எல்லாப் பொதியும் எல்லாப் பக்கமும் போகும். வவுனியாவில் இப்போது பிங் முழுவதும் தெரியும்.

அப்புறம் 'டிசி' (tc) கட்டளையில் நெட்எம் என்பதை எடுத்து யாழின் முனையில் 100 மில்லிவிநாடி தாமதம் போட்டுப் பாருங்கள், பிங் நேரம் அப்படியே 100க்கு மேல் ஏறும். நூற்றில் பத்துப் பொதியைத் தொலைக்கச் சொல்லியும் போடலாம். கொஞ்சம் பழகிய பிறகு இரண்டு பிரிட்ஜ் செய்து, அவற்றுக்கிடையே இரண்டு வீஈத் சோடி போட்டு, எஸ்டிபியைப் போட்ட பின் எந்தப் போர்ட் அடைபடுகிறது என்று பிரிட்ஜ் கட்டளையால் பாருங்கள். மேலே மானிப்பாய் ரீச்சருக்கு எழுதியது அப்போது உங்களுக்கு வடிவாக விளங்கும். எங்கே தடங்கினாலும் கட்டளையையும் வந்த பிழையையும் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: கணினி கரண்டை விழுங்கும் என்றால், பழைய வைஃபை றவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (றவுட்டருக்கான இயங்குதளம்) போட்டு அதையே சுவிட்சாகப் பாவிப்பது நல்லதா? வீட்டில் இரண்டு சும்மா கிடக்கின்றன.
– வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: நல்லது, வீட்டுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஓப்பன்டபிள்யூஆர்டியும் லினக்ஸ்தான். ஆனால் அந்த றவுட்டருக்குள் ஏற்கெனவே ஒரு சின்னச் சுவிட்ச் சிப் இருக்கிறது. டிஎஸ்ஏ என்ற முறையில் கேர்னல் அந்தச் சிப்பின் ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனி நெட்வேர்க் கார்ட் போலக் காட்டும். நீங்கள் சாதாரண லினக்ஸ் பிரிட்ஜ் செய்வது போலச் செய்வீர்கள், ஆனால் போர்ட்டுக்குப் போர்ட் போகிற பொதிகளைச் சிப்பே பார்த்துக்கொள்ளும், சிபியுவுக்கு வேலை இல்லை. வீலான் பிரிக்கலாம், எந்தப் போர்ட் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம், எடுப்பது சில வோட்ஸ்தான். பெரும்பாலானவை 12 வோல்ட் அல்லது 9 வோல்டில் ஓடுவதால், கரண்ட் கட் நேரத்தில் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்றிலேயே மணிக்கணக்கில் நிற்கும்.

இரண்டு விசயம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் றவுட்டரின் மொடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் பார்த்து, ஓப்பன்டபிள்யூஆர்டியின் கருவிப் பட்டியலில் அந்தப் பதிப்பே இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே மொடலின் இரண்டு பதிப்புக்குள் முற்றிலும் வேறு சிப் இருப்பதுண்டு, மாறிப் போட்டால் றவுட்டர் செத்துவிடும். ஃபிளாஷ் 4 மெகாபைட், ரம் 32 மெகாபைட் உள்ள மிகப் பழையவற்றுக்கு இப்போதைய பதிப்புகள் பொருந்தாது, அவற்றில் மினக்கெட வேண்டாம். இரண்டாவது, போர்ட்டுகள் 100 மெகாபிட்டா கிகாபிட்டா என்று பாருங்கள், பழைய மலிவு றவுட்டர்களில் அநேகமாக 100தான். இணையத்துக்கு அது போதும், வீட்டுக்குள் பெரிய கோப்பு அனுப்பும்போதுதான் இடிக்கும்.

கேள்வி: எல்லாம் கிகாபிட் கார்ட், லினக்ஸ் பிரிட்ஜும் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் கருவி) போட்டால் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே இல்லை. கேபிள்களை நானே கிரிம்ப் செய்து தலை போட்டேன். லினக்ஸ் சுவிட்ச் என்பதால்தான் இப்படியா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: இல்லை, பிரிட்ஜில் ஒரு பிழையும் இல்லை. 94 என்பது 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடுவதன் அடையாளம், கிகாபிட்டாக இருந்தால் 940 அளவில் வந்திருக்கும். எத்டூலில் ஒவ்வொரு போர்ட்டின் வேகத்தையும் பாருங்கள், எங்கோ ஒன்றில் 100 என்று இருக்கும். கிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு சோடி போதும், ஆகவே கேபிளின் நுனியில் 4, 5, 7, 8 ஆம் இடங்களில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டாலும் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து 100க்கு இறங்கிவிடும். நீங்களே கிரிம்ப் செய்த கேபிள் என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டு தலையையும் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், நீலமும் மண்ணிறமும் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்று தலையின் முன்பக்கத்தால் பார்த்துவிட்டு அழுத்துங்கள். அதற்குப் பிறகு எத்டூலில் 1000 என்று காட்டியும் ஐபெர்ஃப் 300 அளவிலேயே நின்றால், ஒரு போர்ட் யூஎஸ்பி 2 இல் குத்தியிருக்கிற அடப்டராக இருக்கும், அதை யூஎஸ்பி 3 ஓட்டைக்கு மாற்றுங்கள்.